கேம்ப் கரண்ட் பெட்டியை எவ்வளவு நம்பலாம்? ஆர்.வி.யில் ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துப் பிள்ளைகள் அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ வேலைக்குப் போகிறார்கள். அப்புறம் அப்பா அம்மாவை வரவழைத்து, ஒரு ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். ஆர்.வி. என்றால் படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை, ஏசி எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. ராத்திரி அதை நிறுத்துவதற்கென்றே அங்கே பார்க்குகள் உண்டு, கேம்ப் என்றும் சொல்வார்கள். ஒவ்வொரு வண்டி நிற்கும் இடத்திலும் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு கழிவுநீர்க் குழி, முழங்கால் உயரத்தில் ஒரு கரண்ட் பெட்டி. வண்டியிலிருந்து தடித்த கேபிளை இழுத்து அந்தப் பெட்டியில் செருகினால் வண்டி வீடாகிவிடும். ஆக வேண்டும், அவ்வளவுதான் சொல்லலாம்.

காவேரிப்பட்டணத்து மாந்தோப்புக்காரர் ஒருவர் மோட்டாருக்குக் காயில் கட்ட எங்கள் ரிப்பேர் கடைக்கு வந்தபோது கேட்டார்: "ஏங்க, பையன் மெக்சிகோவுல வண்டிய நிறுத்தியிருக்கான். ஏசியப் போட்டா லைட்டு மங்குதாம். அங்கயுமா லோ வோல்டேஜு?"

அங்கேயும்தான். சொல்லப்போனால் 120 வோல்ட் நாடுகளில் இந்தத் தொல்லை நம்மூரைவிடச் சுலபமாக வரும். ஏன் வருகிறது, வந்தால் என்ன செய்வது என்பதை, மோட்டார் ரூமில் நின்று வோல்ட் மீட்டர் முள்ளைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

பெட்டியில் என்ன இருக்கும்

அமெரிக்காவிலும் கனடாவிலும் முக்கியமாக இரண்டு வகைச் சாக்கெட். மூன்று பின் உள்ள 30 ஆம்பியர் சாக்கெட்டில் 120 வோல்ட் வரும். மொத்தம் 3,600 வாட் எடுக்கலாம். நாலு பின் உள்ள 50 ஆம்பியர் சாக்கெட்டில் 120 வோல்ட் லைன் இரண்டு, இரண்டுக்கும் பொதுவாக ஒரு நியூட்ரல், ஒரு எர்த். இரண்டு லைனும் சேர்ந்தால் 240 வோல்ட் என்பதால் மொத்தம் 12,000 வாட். பெயரில் 20 ஆம்பியர்தான் கூடுதல், கொள்ளளவில் மூன்று மடங்குக்கும் மேல். வாடகை வண்டி எந்த வகை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் நீல நிறத்தில் வட்டமான மூன்று பின் பிளக், 230 வோல்ட். பிளக் 16 ஆம்பியர் தாங்கும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் பிரேக்கர்) பல கேம்ப்களில் 6 ஆம்பியரோ 10 ஆம்பியரோதான். 6 ஆம்பியர் என்றால் 1,380 வாட். நம் வீட்டில் சர்வசாதாரணமாக ஓடும் 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை அங்கே வைத்தால் டிரிப் ஆகிவிடும். சில கேம்ப்களில் அந்தப் பெட்டி பூட்டியிருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குச் சாம்பார் பாதி கொதிக்கையில் டிரிப் ஆனால், சாவிக்காரரைத் தேடிக்கொண்டு போக வேண்டியதுதான்.

மெக்சிகோவில் வீட்டு மின்சாரம் 127 வோல்ட். பழைய பார்க்குகளில் எர்த் துளையே இல்லாத இரண்டு துளைச் சாக்கெட்டும் இருக்கும். துளை இருந்தும் பின்னால் ஒயர் இல்லாததும் இருக்கும்.

வோல்டேஜ் ஏன் இறங்குகிறது

டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஜம்மென்று ஓடும். அதே லைனில் கடைசிக் கம்பத்துக்காரர் மோட்டார் உறுமும், தண்ணீர் வராது. காரணம் எல்லாருக்கும் தெரியும்: ஒயர் எவ்வளவு நீளமோ, எவ்வளவு மெல்லிசோ, அதில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறதோ அவ்வளவு வோல்டேஜை வழியிலேயே அது தின்றுவிடும். ஆர்.வி. பார்க்கிலும் இதேதான். பழைய பார்க்குகளில் ஒயர் போட்ட காலத்தில் வண்டிகள் சிறியவை. இப்போது வருபவற்றில் இரண்டு ஏசி, மைக்ரோவேவ், வாட்டர் ஹீட்டர். மே, ஜூனில் மத்தியானம் மூன்று மணிக்கு எல்லா ஏசியும் ஒன்றாக ஓடும்போது கடைசி வரிசை வண்டிக்கு 105 வோல்ட் வந்தால் ஆச்சரியமில்லை.

இதில் 120 வோல்ட்டுக்கு ஒரு தனிக் கஷ்டம் உண்டு. ஒரு கணக்குப் போடுவோம். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 25 மீட்டர் நீளம். போக 25, வர 25. ரெசிஸ்டன்ஸ் மொத்தம் சுமார் 0.66 ஓம். இதில் 1,500 வாட் ஏசி ஓட்டுகிறோம். 230 வோல்ட்டில் அதற்கு ஆறரை ஆம்பியர் போதும். ஒயரில் இறங்குவது நாலு வோல்ட் சொச்சம். இரண்டு சதவீதம்கூட இல்லை, யாருக்கும் தெரியாது. 120 வோல்ட்டில் அதே ஏசிக்குப் பன்னிரண்டரை ஆம்பியர் வேண்டும். அதே ஒயரில் எட்டு வோல்ட்டுக்கு மேல் இறங்கும், அதாவது ஏழு சதவீதம். வோல்டேஜ் பாதியானால் கரண்ட் இரண்டு மடங்கு, இழப்பின் பங்கு கிட்டத்தட்ட நாலு மடங்கு. வீட்டில் டி.வி.க்கு வைத்திருந்த மெல்லிசான எக்ஸ்டென்‌ஷன் ஒயரை வண்டிக்குப் போடுவது அங்கே எவ்வளவு பெரிய தப்பு என்பது இதிலேயே தெரியும். பிரிட்டனில் வண்டி இணைப்புக்கு வழக்கமாக விற்கும் கேபிள் 25 மீட்டர், 2.5 சதுர மில்லிமீட்டர். அதுவும் 230 வோல்ட்டுக்கு. கேபிள் மிச்சம் இருக்கிறதே என்று சுருட்டி வைத்துவிட்டு ஓட்டக்கூடாது. சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ஒயரின் மேல்தோல் உருகும். முழுக்கப் பிரித்துத் தரையில் போடுங்கள்.

ஒயர் மட்டுமல்ல, சாக்கெட்டும் கெடுக்கும். ஆயிரம் பேர் செருகிப் பிடுங்கிய சாக்கெட்டில் பித்தளைப் பிடி தளர்ந்திருக்கும். அந்த லூஸ் இடத்தில் வெறும் 0.1 ஓம் இருந்தால்கூட, 20 ஆம்பியர் ஓடும்போது 40 வாட் சூடு பிளக்குக்குள்ளேயே உண்டாகும். பிளாஸ்டிக் உருகுவதற்கு அது தாராளம். ஏசி போட்டு அரை மணி கழித்துப் பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அந்தப் பெட்டியை விட்டுவிடுங்கள், மேனேஜரிடம் வேறு இடம் கேளுங்கள்.

சரி, கோளாறு பார்க்கிலா, நம் கேபிளிலா? கண்டுபிடிப்பது எளிது. எதையும் ஓட்டாமல் ஒருமுறை வோல்டேஜ் பாருங்கள். ஏசியைப் போட்டு இன்னொரு முறை பாருங்கள். போடும் முன்பே 108 என்றால் பார்க் லைனே படுத்திருக்கிறது. போடும் முன் 119, போட்டபின் 106 என்றால் உங்களுக்கும் பெட்டிக்கும் நடுவில், அல்லது பெட்டிக்குப் பின்னால் எங்கோ, ஒரு மோசமான இணைப்பு. பாரம் இல்லாமல் மீட்டர் காட்டும் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஸ்டார்ட்டர் போடும் முன் முள் 400-ல் நிற்பதைப் பார்த்துவிட்டு "வோல்டேஜ் சூப்பர்" என்று பட்டனை அமுக்கியவர்களின் மோட்டார்கள் எங்கள் கடையில் வரிசையாகக் கிடக்கின்றன.

எது கெடும், எது கெடாது

லோ வோல்டேஜ் என்றதும் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட வேண்டியதில்லை. சாமானைப் பொறுத்தது.

ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர் மாதிரி வெறும் சூட்டுச் சாமான்களுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. 120-க்குப் பதில் 105 வந்தால் சூடு கிட்டத்தட்ட கால்வாசி குறையும், சோறு வேகத் தாமதமாகும். லேப்டாப், போன் சார்ஜர் எல்லாம் 100 முதல் 240 வரை எதையும் ஏற்கும். அவற்றுக்கு இது தெரியவே தெரியாது.

மாட்டிக்கொள்வது மோட்டார். ஏசி கம்ப்ரஸருக்குள் இருப்பதும் மோட்டார்தான். ஹீட்டர் குறைந்த வோல்டேஜில் குறைந்த கரண்ட் எடுக்கும். மோட்டாருக்கு முன்னால் இருக்கும் வேலை குறைவதில்லை, கேஸை அழுத்தியே ஆக வேண்டும். அதனால் வோல்டேஜ் குறையக் குறையக் கரண்டைக் கூடுதலாக இழுக்கும். கரண்ட் கூடினால் ஒயரில் வோல்டேஜ் இன்னும் இறங்கும், அதனால் இன்னும் கரண்ட். இதைவிட ஆபத்து ஸ்டார்ட் ஆகும் நேரம். மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தில் குறையும். பத்து சதவீதம் வோல்டேஜ் போனால் சுமார் இருபது சதவீதம் விசை போச்சு. கம்ப்ரஸர் சுற்ற முடியாமல் "ம்ம்ம்" என்று முனகி நிற்கும். நிற்கும்போது அது இழுப்பது ஓடும் கரண்டைப் போல நாலைந்து மடங்கு. சில விநாடியில் உள்ளே இருக்கும் ஓவர்லோடு கட் செய்யும், ஆறியதும் மறுபடி முயலும். ராத்திரி முழுக்க இப்படி நடந்தால் வார்னிஷ் கருகி காயில் போகும். அந்த நாற்றம் எங்களுக்குப் பிழைப்பு, வண்டிக்காரருக்குச் சில ஆயிரம் டாலர்.

அமெரிக்காவில் 114 முதல் 126 வோல்ட் வரை நல்ல நிலை. வண்டிக்கென்று விற்கும் பாதுகாப்புப் பெட்டிகள் பலவும் 104-க்குக் கீழே போனாலோ 132-க்கு மேலே போனாலோ தாமாகவே துண்டித்துவிடும். திரும்பச் சேர்க்கும்போது கம்ப்ரஸருக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்து சேர்க்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இடி, மின்னல் சமயத்தில் வரும் திடீர்த் தாவலை மட்டும் தடுக்கும் மலிவுச் சரக்கும் இதே தோற்றத்தில் கிடைக்கும். லோ வோல்டேஜை அது கண்டுகொள்ளாது. "வோல்டேஜ் குறைந்தால் கட் ஆகுமா?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு வாங்கினால் போதும்.

கம்ப்ரஸருக்குச் சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்று ஒன்று உண்டு. ஆரம்பக் கரண்டைக் குறைக்கும். சொந்த வண்டி என்றால் நல்ல செலவு, வாடகை வண்டிக்குத் தேவையில்லை.

வோல்டேஜ் சரி, ஒயரிங் தப்பு

லோ வோல்டேஜ் சாமானைத்தான் கெடுக்கும். தப்பான ஒயரிங் ஆளையே கொல்லும். இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள்.

நம்மூரில் மழைக்காலத்தில் கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்று தெரியும். ஒரு வீட்டில் பல்பு சிவப்பாக மினுங்கும், பக்கத்து வீட்டில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி டி.வி. புகையும். அமெரிக்காவின் 50 ஆம்பியர் சாக்கெட்டிலும் இதே கதை நடக்கும். பொது நியூட்ரல் விட்டுப்போனால் இரண்டு லைனில் இருக்கும் சாமான்களும் 240 வோல்ட்டுக்குக் குறுக்கே ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். ஏசி ஓடுகிற பக்கம் வோல்டேஜ் சரியும், சின்ன டி.வி. மட்டும் இருக்கிற பக்கம் 200-ஐ நெருங்கலாம்.

30 ஆம்பியர் சாக்கெட்டில் வேறு ஒரு விபரீதம். அதன் உருவத்தைப் பார்த்து, துணி உலர்த்தும் மெஷினுக்கான 240 வோல்ட் சாக்கெட் என்று நினைத்து ஒயர் கொடுத்துவிடும் எலெக்ட்ரீசியன்கள் அங்கேயும் இருக்கிறார்கள். பார்க்கைவிடத் தனியார் வீட்டு வாசலில், "உங்களுக்காகவே புதுசா சாக்கெட் போட்டேன்" என்று நண்பர் பெருமையாகக் காட்டும் இடத்தில்தான் இது அதிகம். அளக்காமல் செருகினால் வண்டிக்குள் 120 வோல்ட்டில் ஓடும் அத்தனையும் ஒரே நொடியில் போகும்.

எல்லாவற்றிலும் மோசம் எர்த். வண்டி நிற்பது ரப்பர் டயர் மேல். உள்ளே ஏதோ ஒரு ஹீட்டரில் பேஸ் கசிந்து பாடியைத் தொட்டால், எர்த் சரியாக இருக்கும்வரை பிரேக்கர் விழுந்து விஷயம் முடிந்துவிடும். எர்த் இல்லையென்றால் வண்டியின் தகரம் முழுக்கக் கரண்ட் ஏறி, ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. ஈரத் தரையில் செருப்பில்லாமல் நின்று கதவுக் கைப்பிடியைத் தொடுகிறவர்தான் அதற்கு வழியாவார்.

"ஒரு கம்பியை அடித்து எர்த் போட்டுக்கொள்ளலாமே" என்று நம்மாட்கள் உடனே சொல்வார்கள். உப்பும் கரியும் போட்டு எர்த் குழி தோண்டுகிற ஊர்க்காரர்களுக்கு அது இயல்பு. ஆனால் தரையில் அடித்த ஒரு கம்பியின் ரெசிஸ்டன்ஸ் 25 ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 120 வோல்ட்டில் அதன் வழியே ஓடுவது 4.8 ஆம்பியர்தான். 30 ஆம்பியர் பிரேக்கர் அதற்கெல்லாம் அசையாது, பாடியில் கரண்ட் அப்படியே நிற்கும். நம் கருங்கல் பூமியில் 25 ஓம் வருவதே பெரிய விஷயம். பிரேக்கரை விழவைப்பது மண் அல்ல, பெட்டியிலிருந்து உலோக ஒயராகவே திரும்பும் எர்த். அது இல்லாத பெட்டியில் செருகாதீர்கள். எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒட்டவைத்துச் "சரி" செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அப்படி ஒட்டியிருக்கும் சாக்கெட்டில் பேஸும் நியூட்ரலும் மாறிவிட்டால் எர்த் பின்னிலேயே பேஸ் வந்து உட்கார்ந்துவிடும்.

அந்த நிலையை மூன்று விளக்கு டெஸ்டர் கண்டுபிடிக்காது. அங்கே ஹார்டுவேர் கடையில் சில டாலருக்குக் கிடைக்கும் சாமான் அது. சாக்கெட்டில் செருகினால் பேஸ், நியூட்ரல் மாறியிருக்கிறதா, எர்த் இருக்கிறதா என்று விளக்கு காட்டும். நல்ல சாமான்தான், ஆனால் எர்த்திலேயே பேஸ் இருந்தால் எல்லாம் சரி என்று காட்டிவிடும். அதனால் கூடவே தொடாமல் பார்க்கும் பேனா டெஸ்டர் ஒன்று வேண்டும். கரண்ட் பெட்டியின் தகரத்துக்குப் பக்கத்தில் முதலில் காட்டுங்கள். வண்டியை இணைத்த பிறகு, தரையில் நின்றபடி, பாடியைத் தொடும் முன் அதற்குப் பக்கத்தில் காட்டுங்கள். டெஸ்டர் கத்தினால் வண்டியைத் தொடாமல் பெட்டியில் பிரேக்கரை ஆஃப் செய்யுங்கள்.

செருகும் வரிசை இதுதான்: பிரேக்கர் ஆஃபில் இருக்க, சாக்கெட்டில் கருகிய தடம் உண்டா என்று பார்ப்பது, பிரேக்கரை ஆன் செய்து மீட்டரால் அளப்பது, மறுபடி ஆஃப், பிளக்கைச் செருகுவது, அப்புறம் ஆன். கிளம்பும்போதும் ஏசியை நிறுத்தி, பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டே பிடுங்க வேண்டும். பாரத்தோடு பிடுங்கிப் பிடுங்கித்தான் சாக்கெட்டுகள் கருகுகின்றன. ஐரோப்பாவில் சில இடங்களில் பேஸும் நியூட்ரலும் மாறியிருப்பது சகஜம்; அங்கே ஸ்விட்சை ஆஃப் செய்தாலும் சாமானுக்குள் பேஸ் இருக்கலாம். பல்பு மாற்றுவதென்றால்கூடப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள்.

தொட்டியை நிரப்பிக்கொள்வது

சோதனை எல்லாம் முடிந்தது, ஒயரிங் சரி, ஆனால் வோல்டேஜ் ஆடுகிறது. என்ன செய்யலாம்?

ஆயிரம் அடி தாண்டிய போர்வெல் வைத்திருக்கும் நம் ஊர் விவசாயி, மோட்டார் ஓடும் நேரத்தில் நேராகச் செடிக்கு விடுவதில்லை. த்ரீ பேஸ் வரும் நேரத்தில் தொட்டியை நிரப்புகிறார், தேவைப்படும்போது சொட்டு நீரில் விடுகிறார். வண்டியில் அந்தத் தொட்டி பேட்டரி. கரண்ட் பெட்டியிலிருந்து நேராகச் சமைக்காமல், நேராக அரைக்காமல், பேட்டரிக்கு மட்டும் மெதுவாக இழுத்துக்கொண்டு, சாமான்களை இன்வெர்ட்டரில் ஓட்டுவது.

12 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் 1,280 வாட் ஹவர் இருக்கும். 30 ஆம்பியர் சார்ஜர் அதை நாலு மணி நேரத்துக்குள் நிரப்பிவிடும். அதற்குப் பெட்டியிலிருந்து எடுப்பது சுமார் 500 வாட், அதாவது 120 வோல்ட்டில் நாலு ஆம்பியர் சொச்சம். நொண்டிச் சாக்கெட்கூட அவ்வளவு தரும். இந்தக் காலத்துச் சார்ஜர்கள் வோல்டேஜ் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் பொருட்படுத்துவதில்லை. செலவுப் பக்கம் பாருங்கள்: 700 வாட் ரைஸ் குக்கர் அரை மணி நேரம் 350 வாட் ஹவர், மிக்ஸி ஐந்து நிமிடம் 60 சொச்சம், 12 வோல்ட் ஃபேன் ராத்திரி முழுக்க 240. விளக்கும் போன் சார்ஜும் சேர்த்தாலும் ஒரு நாள் தாராளமாக ஓடும். ஃபிரிட்ஜைப் பல வண்டிகளில் கேஸிலேயே ஓட்டலாம். சில இன்வெர்ட்டர்களில் "வெளியிலிருந்து 6 ஆம்பியருக்கு மேல் இழுக்காதே" என்று எண் வைக்க முடியும். மிச்சத்தை அது பேட்டரியிலிருந்து சேர்த்துக்கொள்ளும். ஐரோப்பாவின் பூட்டிய பெட்டிகளுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

மிக்ஸி என்றதும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. ஊரிலிருந்து கொண்டுபோகும் 230 வோல்ட் மிக்ஸி அமெரிக்க வண்டியில் ஓடாது. ஓடினாலும் தேங்காய் அரைபடாது. அங்கே இந்தியக் கடையில் 110 வோல்ட் மிக்ஸி கிடைக்கும்.

இந்தத் தொட்டிக் கணக்கில் ஏசி மட்டும் அடங்காது. 1,500 வாட் ஏசி விட்டுவிட்டு ஓடினாலும் ஒரு ராத்திரிக்கு ஆறேழு யூனிட், அதாவது ஆறேழாயிரம் வாட் ஹவர் கேட்கும். வாடகை வண்டியின் பேட்டரிக்கு அது தாங்காது. ஏசி வேண்டுமென்றால் பெட்டியைத்தான் நம்ப வேண்டும். அப்போது வாட்டர் ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றி, மைக்ரோவேவை நிறுத்தி, விடிகாலையில் வண்டியைக் குளிரவைத்துக்கொண்டு மத்தியானம் ஓட்டத்தைக் குறைக்கலாம். 105-க்குக் கீழே முள் போனால் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வேர்க்கும். தருமபுரிக்காரருக்கு வேர்வை புதிதில்லை.

ஸ்டேபிலைசர் போடலாமே என்பார்கள். வண்டிக்கென்றே வோல்டேஜை உயர்த்தித் தரும் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிகள் உண்டு, கம்ப்ரஸரைக் காப்பாற்றவும் செய்யும். ஆனால் அது மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. பத்து சதவீதம் வோல்டேஜ் ஏற்றினால் பெட்டியிலிருந்து பத்து சதவீதம் கூடுதல் கரண்ட் இழுக்கும், அதே லைனில் அடுத்து நிற்கும் வண்டிக்கு இன்னும் இறங்கும். நம் பக்கம் டூ பேஸில் கெபாசிட்டர் போட்டு மோட்டார் ஓட்டுகிறார்களே, ஒருவர் போட்டால் அவருக்கு லாபம், லைன் முழுக்கப் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் போச்சு. சூடான சாக்கெட்டிலும் லூஸ் ஒயரிலும் இதைப் போடவே கூடாது.

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் சிலர் வேனையே படுக்கை வண்டியாக மாற்றிக்கொண்டு ஏற்காடு, ஒகேனக்கல் என்று கிளம்புகிறார்கள். இங்கே வெளிநாட்டு மாதிரிப் பார்க் கிடைப்பது அரிது. லாட்ஜிலோ தோட்டத்திலோ நிறுத்திக் கரண்ட் கேட்க வேண்டியதுதான். மேலே சொன்ன மீட்டர், பேனா டெஸ்டர், எர்த் சோதனை அத்தனையும் இங்கேயும் பொருந்தும். எண்களை மட்டும் 230-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும், தோட்டத்தில் நிறுத்தினால் மோட்டார் ரூமிலிருந்து ஒயர் இழுக்காதீர்கள். விவசாய இணைப்பு இலவசமாகக் கொடுப்பது விவசாயத்துக்கு மட்டும். வண்டிக்கு எடுத்தால் மாட்டிக்கொள்வது இடம் கொடுத்த தோட்டக்காரர். வீட்டு மீட்டரில் இருக்கும் 16 ஆம்பியர் சாக்கெட்டைக் கேளுங்கள், யூனிட்டுக்கு உள்ள காசைக் கையில் கொடுத்துவிடுங்கள்.